தொட்டால் தெரிகிறது, சுட்டால் தெரியவில்லை

காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய கணவருக்கு 41 வயது. கல்யாணம், அறுபதாம் கல்யாணம், கிரகப்பிரவேசம் என்று சுற்றுவட்டார ஊர்களுக்கெல்லாம் போய்ப் பலகாரம் போட்டுத் தரும் மாஸ்டர். பதினாறு வயதில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்றவர். இரண்டு வருஷமாக இடது கையில் அடிக்கடி தீக்கொப்புளம் வருகிறது. எப்போது சுட்டது என்று அவருக்கே தெரிவதில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்காரும்போது மனைவிதான் பார்த்துச் சொல்கிறார். ஒரு முகூர்த்த நாளில் தேன்குழல் பிழிந்துகொண்டிருந்தபோது, இடது கையின் மணிக்கட்டு எண்ணெய்ச் சட்டியின் விளிம்பில் பட்டபடியே இருந்திருக்கிறது. பக்கத்தில் நின்ற பையன் கத்திய பிறகுதான் கையை எடுத்தாராம். குளிக்கும்போது வெந்நீரை வலது தோளில் ஊற்றினால் சூடு தெரிகிறது, இடது தோளில் தெரிவதில்லை. ஆனால் அதே இடது கையால் மாவைத் தொட்டு இன்னும் பதம் சொல்கிறார். சட்டைப் பித்தானைப் பார்க்காமலே போடுகிறார். இருமினாலோ, அண்டாவைத் தூக்கினாலோ பிடரியில் வெடுக்கென்று ஒரு வலி வந்து அரை நிமிஷத்தில் போய்விடுகிறது. இடது உள்ளங்கையில் கட்டைவிரலுக்குக் கீழே உள்ள சதை கொஞ்சம் வற்றினாற்போல் இருக்கிறது.

ஒரு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, கழுத்தெலும்புத் தேய்மானம் என்று நரம்புச் சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார். கூடவே வேலை செய்பவர்கள், ‘இத்தனை வருஷம் நெருப்புக்கிட்ட நின்ற கை, மரத்துத்தான் போகும்’ என்கிறார்கள். உறவில் ஒருவர் கழுத்தை நீவிச் சொடுக்கெடுத்தால் சரியாகும் என்று ஆளையே பேசிவைத்திருக்கிறார். இன்னொருவர் காதோடு காதாகத் தொழுநோய் என்று சொல்லிவிட்டுப் போக, விஷயம் வெளியே தெரிந்தால் ஆர்டர் நின்றுவிடுமே என்று இவர் தூக்கமில்லாமல் இருக்கிறார். ஸ்கேன் எடுக்கலாமா என்று கேட்டால், ‘தண்டுவடத்தில் கைவைத்தால் ஆள் படுக்கைதான்’ என்று கணவரின் அண்ணன் தடுக்கிறார். இது பழக்கத்தால் வந்ததா, தொழுநோயா, ஸ்கேன் தேவையா, தொழிலை விட வேண்டுமா? இவை நான்கும் அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரி: ‘நான் தொட்டால் தெரிகிறது என்கிறார், சுட்டால் தெரியவில்லை என்கிறார். பொய் சொல்கிறாரோ என்றுகூட நினைத்தேன்.’ அவர் பொய் சொல்லவில்லை. நரம்பு மருத்துவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும் வாக்கியம் அது. ஒரே கையில், ஒரே விரலில், தொடு உணர்ச்சி நன்றாக இருந்து சூடும் வலியும் மட்டும் போவது உண்டு. அப்படிப் போனால் கோளாறு எங்கே இருக்கலாம் என்பதையும் அதுவே காட்டிக்கொடுக்கிறது. நேரில் பார்க்காமல் நோயின் பெயரை உறுதியாகச் சொல்லக்கூடாது. நான் சொல்லவும் மாட்டேன். ஆனால் சந்தேகம் எந்தப் பக்கம் போகிறது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்ல முடியும்.

பழக்கம் என்ற பேச்சை முதலில் முடித்துவிடுவோம். நெருப்பருகே வேலை செய்பவர்களுக்கு உள்ளங்கைத் தோல் காய்த்துத் தடிக்கும். சூடான பாத்திரத்தை மற்றவர்களைவிட ஓரிரு விநாடி கூடுதலாகப் பிடிப்பார்கள். அவ்வளவுதான். நம் தோலில் உள்ள வலி நரம்பு முனைகள் சுமார் 43 டிகிரி செல்சியஸிலேயே எச்சரிக்கத் தொடங்கிவிடும். பலகாரம் வேகும் எண்ணெயின் சூடு 170, 180 டிகிரி. அந்தச் சட்டியின் விளிம்பில் கை பட்டும் தெரியவில்லை என்றால் அது பழக்கம் அல்ல. அதைவிட, அவருடைய தோளுக்கும் சூடு தெரியவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தோள் எந்த அடுப்பில் பழகியது?

தண்டுவடத்துக்குள் இரண்டு வழிகள்

முதுகெலும்பு வேறு, தண்டுவடம் வேறு. முதுகெலும்பு அடுக்கடுக்கான எலும்பு. அதன் நடுவில் உள்ள குழாய்க்குள் பத்திரமாக இருக்கும் மென்மையான நரம்புத் திசுதான் தண்டுவடம். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், தண்டுவடத்தைக் காட்டாது. நாற்பது வயதைத் தாண்டிய பலருக்கும் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தால் ஏதோ கொஞ்சம் தேய்மானம் தெரியத்தான் செய்யும். அது தெரிந்தது என்பதற்காக, இருக்கிற எல்லாத் தொந்தரவையும் அதன் தலையில் போட்டுவிட முடியாது.

வளர்ந்தவர்களுக்குத் தண்டுவடம் ஏறக்குறைய 42 முதல் 45 செ.மீ. நீளம் இருக்கும். பருமன் சுண்டுவிரல் அளவுதான். மூளையின் அடிப்பகுதியான முகுளத்திலிருந்து இறங்கி, முதுகெலும்பின் இடுப்புப் பகுதியில் முதல் அல்லது இரண்டாவது எலும்பு மட்டத்தில் முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்புக் கற்றைகள் மட்டுமே. வழியில் 31 ஜோடி நரம்புகள் பிரிகின்றன: கழுத்தில் 8, மார்பில் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே திரிகம் என்ற முக்கோண எலும்பில் 5, வாலெலும்பில் 1. ஏறக்குறைய ஒவ்வொரு ஜோடிக்கும் தோலில் ஒரு பட்டை சொந்தம். தோள்பட்டை கழுத்தின் 4, 5ஆம் நரம்புகளைச் சேர்ந்தது. கட்டைவிரல் 6ஆவது, நடுவிரல் 7ஆவது, சுண்டுவிரல் 8ஆவது. தொப்புள் மார்பின் 10ஆவது நரம்பின் எல்லையில் இருக்கிறது. தோலில் எந்தெந்த இடத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று பேனாவால் வரைந்து பார்த்தாலே, தண்டுவடத்தில் எந்த உயரத்தில் கோளாறு என்று ஓரளவு கணித்துவிடலாம். உங்கள் கணவருக்குத் தோள் முதல் விரல் வரை என்றால், நாம் பார்க்க வேண்டியது கழுத்துப் பகுதியை.

ஒவ்வொரு நரம்பும் தண்டுவடத்தில் சேரும் இடத்தில் இரண்டு வேராகப் பிரிகிறது. முதுகுப்பக்க வேர் உணர்ச்சியை உள்ளே கொண்டுவருகிறது. முன்பக்க வேர் தசைக்கான கட்டளையை வெளியே கொண்டுபோகிறது. தண்டுவடத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், நடுவில் மெல்லிய ஒரு துளை. அதைச் சுற்றிச் சாம்பல் நிறப் பகுதி, முன்னும் பின்னும் கொம்புகளை நீட்டியபடி. பின்கொம்பில் உணர்ச்சிச் செய்தி வந்து இறங்கும். முன்கொம்பில் தசையை இயக்கும் செல்கள் இருக்கின்றன. இவற்றுக்கு வெளியே வெள்ளைப் பகுதி. மேலும் கீழும் ஓடும் நீண்ட நரம்பிழைகள் கட்டுக் கட்டாக இருக்கும் இடம் அதுதான்.

இனிதான் உங்கள் கேள்விக்கான பதில் வருகிறது. மாவின் பதம், துணியின் நெசவு, விரல் மடங்கியிருக்கிறதா நீட்டியிருக்கிறதா என்ற உணர்வு, அதிர்வு ஆகியவற்றைக் கொண்டுவரும் இழைகள் தடித்தவை, வேகமானவை. விநாடிக்கு 35 மீட்டருக்கு மேல் செய்தியைக் கடத்துபவை. இவை தண்டுவடத்துக்குள் நுழைந்ததும், நுழைந்த பக்கத்திலேயே, முதுகுப்புறமுள்ள வெள்ளைப் பகுதி வழியாக நேரே மேலேறுகின்றன. முகுளத்துக்குப் போன பிறகுதான் எதிர்ப்பக்கம் தாண்டுகின்றன.

வலியையும் சூடு, குளிர்ச்சியையும் கொண்டுவரும் இழைகள் மெல்லியவை. அவற்றிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று விநாடிக்குச் சுமார் 5 முதல் 30 மீட்டர் வேகம், மற்றொன்று ஒன்றிரண்டு மீட்டர்தான். சட்டியில் கைபட்டவுடன் முதலில் சுரீரென்று ஒரு வலியும், கொஞ்சம் தாமதமாக எரிச்சலும் வருவது இதனால்தான். இந்த இழைகள் தண்டுவடத்துக்குள் வந்ததும் நேரே ஏறுவதில்லை. பின்கொம்பில் இறங்கி, அங்கே அடுத்த செல்லிடம் செய்தியைக் கொடுக்கின்றன. அந்தச் செல்லின் இழை, நடுத்துளைக்கு மிக அருகில், அதன் முன்பக்கமாகக் குறுக்கே கடந்து எதிர்ப்பக்கம் போய், அப்புறம்தான் மூளையை நோக்கி ஏறுகிறது.

ஆக, இடது கையின் தொடு உணர்ச்சி கழுத்துத் தண்டுவடத்தில் இடது பக்கமாகவே போகிறது. அதே கையின் சுடு உணர்ச்சி வலது பக்கத்துக்குத் தாண்டிப் போகிறது. 1817இல் மொரீஷியஸ் தீவில் பிறந்த பிரௌன்-செக்கார் என்ற மருத்துவர், தண்டுவடத்தில் பாதி மட்டும் அறுபட்டால் வலி உணர்ச்சி எதிர்ப்பக்கத்தில்தான் இல்லாமல் போகிறது என்று 19ஆம் நூற்றாண்டின் நடுவில் காட்டினார். இன்றைக்கும் அந்த நிலைக்கு அவர் பெயர்தான். ஒரு நோயாளி ‘தொட்டால் தெரிகிறது, சுட்டால் தெரியவில்லை’ என்றால் அதை நம்ப வேண்டும் என்று மருத்துவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் அவர் முதல் வரிசையில் இருக்கிறார்.

நடுவில் நீர் கட்டினால்

தண்டுவடத்தின் நடுவில் நீர் சேர்ந்து, நீளவாக்கில் ஒரு குழி உண்டாகும் நிலை ஒன்று இருக்கிறது. அதற்குச் சிரிங்கோமைலியா என்று பெயர். உங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் பெருமழைக்கு முற்றத்தில் தண்ணீர் நிறைந்துவிட்டால் யாருக்கு முதலில் வழி அடைபடும்? முற்றத்தைக் குறுக்கே கடந்து எதிர்த் தாழ்வாரத்துக்குப் போக வேண்டியவருக்கு. ஓரத் தாழ்வாரத்திலேயே நேராக நடந்து பின்கட்டுக்குப் போகிறவருக்கு ஒன்றும் ஆகாது. தண்டுவடத்தின் நடுவில் குழி விரியும்போதும் முதலில் அறுபடுவது, குறுக்கே கடக்கும் சூடு, வலி இழைகள். ஓரமாக மேலேறும் தொடு இழைகள் நெடுநாள் தப்பித்திருக்கும். கால்களிலிருந்து வரும் சூடு, வலி இழைகள் கீழேயே எதிர்ப்பக்கம் தாண்டி, வெளியோரமாக ஏறிவந்துவிட்டதால் அவையும் தப்பிக்கும். அதனால்தான் காலில் எல்லாம் சரியாக இருந்து, தோளிலும் கையிலும் மட்டும், மேல்துண்டு போர்த்தினால் மறைகிற இடத்தில், சூடு தெரியாமல் போகிறது.

பெரும்பாலும் இது இரண்டு பக்கமும் வரும். குழி ஒரு பக்கமாகச் சாய்ந்து விரிந்து அந்தப் பக்கத்துப் பின்கொம்பை முதலில் அழுத்தினால் ஒரு கையில் மட்டும் தொடங்கலாம். முன்கொம்பு வரை விரிந்தால் கைச் சதை வற்றும். உள்ளங்கையில் நீங்கள் கவனித்த மாற்றத்தை டாக்டரிடம் மறக்காமல் சொல்லச் சொல்வது இதற்காகத்தான்.

இருமினால் பிடரியில் வரும் வலி எனக்கு அடுத்த துப்பு. மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஒரு தெளிந்த நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. எந்த நேரத்திலும் சுமார் 150 மி.லி. இருக்கும், ஒரு நாளைக்கு அரை லிட்டர் அளவு புதிதாக ஊறும். சிலருக்குப் பிறவியிலேயே மண்டையோட்டின் பின்பக்கம் இடம் குறுகலாக இருப்பதால், சிறுமூளையின் அடிநுனி மண்டையோட்டின் அடித்துளை வழியாக 5 மி.மீ.யோ அதற்கு மேலோ கீழே இறங்கி நிற்கும். இதைக் கியாரி அமைப்புக் குறை என்கிறோம். நீரோட்டம் அங்கே தடைபடுவதால் இருமல், தும்மல், முக்கல், கனம் தூக்கல் எல்லாவற்றுக்கும் பிடரியில் வலி வரும். காலப்போக்கில் தண்டுவடத்துக்குள் குழியும் விழலாம். பிறவியிலேயே இருந்தும் இருபது முதல் நாற்பது வயதுகளில்தான் பலருக்கு இது தெரியவருகிறது.

கியாரி ஒன்றுதான் காரணம் என்றில்லை. பழைய முதுகு, கழுத்துக் காயம் பல வருஷம் கழித்தும் இப்படிக் குழி விடலாம். மூளைக்காய்ச்சல், காசநோய் தண்டுவட உறைகளைத் தாக்கியிருந்தாலும் வரலாம். சிலருக்குத் தண்டுவடக் கட்டி காரணமாக இருக்கும். உங்கள் கணவர் எப்போதாவது வண்டியிலிருந்தோ மாடியிலிருந்தோ விழுந்ததுண்டா என்று கேட்டு வையுங்கள்.

நரம்புச் சத்து மாத்திரை பொதுவாகக் கெடுதல் செய்யாது. ஆனால் அது ஈடுசெய்யும் பி12 வைட்டமின் உடம்பில் குறைந்தால் தண்டுவடத்தில் முக்கியமாகக் கெடுவது முதுகுப்புற வழி. அதாவது அதிர்வும், விரல் எந்த நிலையில் இருக்கிறது என்ற உணர்வும் போகும். கண்ணை மூடினால் தள்ளாடும். உங்கள் கணவருக்கு நடந்திருப்பது அதற்கு நேர் எதிர்.

காதோடு சொல்லப்பட்ட அந்த நோய்

தொழுநோயிலும் சூடு தெரியாமல் கொப்புளம் வரும் என்பது உண்மை. அந்த உறவினர் சொன்னதை அடியோடு தள்ளிவிடச் சொல்ல மாட்டேன். டாக்டர் இதையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் தொழுநோய் தாக்குவது தோலையும், தண்டுவடத்துக்கு வெளியே கைகால்களில் ஓடும் நரம்புகளையும். நிறம் வெளிறிய அல்லது சிவந்த தேமல், அந்தத் தேமலுக்குள் உணர்ச்சிக் குறைவு, முழங்கையின் உட்புறம் நரம்பு தடித்துக் கைக்குத் தட்டுப்படுவது, இவைதான் அதன் அடையாளங்கள். இருமினால் பிடரி வலிப்பதைத் தொழுநோய் விளக்காது. சிறு சுத்தியால் கையில் தட்டிப் பார்க்கும் அனிச்சைத் துள்ளல் தொழுநோயில் பெரும்பாலும் இருக்கும். தண்டுவடக் குழியில் குறைந்தோ இல்லாமலோ போகும். ஐந்து நிமிஷச் சோதனையில் டாக்டருக்கு நிறையப் புரிந்துவிடும்.

ஒருவேளை தொழுநோயே என்று வைத்துக்கொள்வோம். அது முழுக்கக் குணமாகும் நோய். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட வேண்டும். மருந்து தொடங்கியதும் மற்றவர்களுக்குப் பரவும் தன்மை சீக்கிரமே போய்விடும். ஒளித்துவைத்தால்தான் விரல் மடங்குவதும், புண் ஆறாமல் போவதும். எந்த நோய் என்றாலும் மறைப்பதால் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை, சகோதரி. ஊர் வாய்க்காக இரண்டு வருஷம் போய்விட்டது. இனியும் நாள் கடத்தாதீர்கள்.

கழுத்தில் யாரும் கைவைக்க வேண்டாம்

இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். என்ன நோய் என்று தெரியும்வரை கழுத்தை நீவுவது, சொடுக்கெடுப்பது, திருப்பி இழுப்பது எதுவும் கூடாது. சலூனில் முடிவெட்டிய பிறகு தலையைத் திருப்பிச் சொடுக்குவார்களே, அதுவும் வேண்டாம். சிறுமூளையின் நுனி இறங்கி நிற்கும் கழுத்தை வெடுக்கென்று திருப்பினால், மூச்சையும் விழுங்குவதையும் நடத்தும் முகுளத்தின் மேல் அழுத்தம் விழும். பேசிவைத்த ஆளுக்கு நல்லபடியாகச் சொல்லி அனுப்பிவிடுங்கள். உறவில் மனக்கசப்பு வந்தால், டாக்டர் கூடாது என்றார் என்று என் மேல் போட்டுவிடுங்கள்.

ஸ்கேன் தேவையா என்றால், தேவை. எம்.ஆர்.ஐ. கழுத்துக்கு மட்டும் எடுத்தால் போதாது. மூளையின் பின்பகுதியும் முழுத் தண்டுவடமும் சேர்த்துப் பார்ப்பதே நல்லது. கட்டி இருக்கிறதா என்று பார்க்க, ரத்தக்குழாய் வழியாக மருந்து செலுத்தி எடுக்கச் சொல்லலாம். இந்தக் கருவியில் எக்ஸ்ரே கதிர்வீச்சு கிடையாது. அரை மணி, முக்கால் மணி நேரம் குறுகிய குழாய்க்குள் அசையாமல் படுத்திருக்க வேண்டும்; சத்தம் பெரிதாக இருக்கும். உடம்புக்குள் உலோகத் தகடு, பேஸ்மேக்கர் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஸ்கேனுக்கு முன்னால் நரம்பு மருத்துவர் செய்யும் சோதனை எளிமையானது. கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொடுவார். அடுத்து மழுங்கிய ஊசி முனை. அப்புறம் குளிர்ந்த நீர், வெதுவெதுப்பான நீர் உள்ள இரண்டு கண்ணாடிக் குழாய். விரல் முட்டியில், தட்டினால் அதிரும் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவை. நான் சொல்லும் குறை உள்ளவர்கள் பஞ்சு பட்டால் ‘தொடுது’ என்பார்கள். ஊசி பட்டாலும் அதே குரலில் ‘தொடுது’ என்பார்கள். ‘குத்துது’ என்ற வார்த்தையே வராது. இரண்டு குழாயும் அவர்களுக்கு ஒன்றுதான். வெந்நீர் வைத்தோ தீக்குச்சி வைத்தோ இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். சுட்டால் அவருக்குத் தெரியாது என்பதுதானே நம் பிரச்சினையே.

ஆபரேஷன் என்றால் படுக்கையா?

உங்கள் கணவரின் அண்ணன் எதைப் பார்த்துவிட்டுப் பயப்படுகிறார் என்று தெரியவில்லை. பெரும்பாலும் யாருக்கோ இடுப்பில் டிஸ்க் ஆபரேஷன் செய்து சரியாகாமல் போனதைப் பார்த்திருப்பார். மேலே சொன்னேனே, தண்டுவடம் இடுப்பின் முதல், இரண்டாம் எலும்போடு முடிந்துவிடுகிறது. கீழ் இடுப்பு டிஸ்க் ஆபரேஷன் நடக்கும் இடத்தில் தண்டுவடமே கிடையாது. கியாரியால் வந்த குழிக்குச் செய்யும் ஆபரேஷனிலும் தண்டுவடத்தைப் பொதுவாக வெட்டுவதில்லை. பிடரியில், மண்டையோட்டின் அடித்துளையைச் சுற்றி எலும்பைக் கொஞ்சம் எடுத்து இடத்தை அகலப்படுத்துவார்கள். தேவைப்பட்டால் உறையைத் திறந்து ஒரு ஒட்டுப் போட்டு விரிவாக்குவார்கள். நீரோட்டம் சீரானதும் பலருக்குக் குழி தானாகவே சுருங்குகிறது.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். நீர்க்கசிவு, தொற்று, சிலருக்கு மறுபடி ஆபரேஷன், அபூர்வமாக நரம்புக் குறை கூடுவது, இவையெல்லாம் உண்டு. கையெழுத்துப் போடுவதற்கு முன் டாக்டரிடம் இவற்றை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. இன்னொரு மருத்துவரிடம் படங்களைக் காட்டி அவர் கருத்தைக் கேட்பதும் அப்படித்தான். யாரும் கோபித்துக்கொள்ள நியாயமில்லை.

அப்புறம், எதிர்பார்ப்பு. இருமும்போது வரும் வலி ஆபரேஷனுக்குப் பிறகு பெரும்பாலும் நன்றாகக் குறையும். போன சூட்டுணர்ச்சி திரும்ப வருவது நிச்சயமில்லை; பலருக்கு அது பழையபடி வருவதில்லை. இருப்பது மேலும் போகாமல் காப்பதுதான் முதல் நோக்கம். இன்று மாவுப் பதம் தெரிகிற கை, கட்டை விரலில் பலம் இருக்கிற கை, நாளைக்கும் அப்படியே இருக்க வேண்டும். ஆகையால்தான் நேரம் முக்கியம். குழி சிறியது, குறை கூடவில்லை என்று தெரிந்தால், உடனே ஆபரேஷன் வேண்டாம், இடைவெளிவிட்டு ஸ்கேன் எடுத்துக் கவனிக்கலாம் என்றும் சொல்வார்கள். அதுவும் சரியான வைத்தியமே. ஸ்கேன் எடுப்பதும் ஆபரேஷனுக்கு ஒப்புக்கொள்வதும் ஒன்றல்ல என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் நரம்பியல், நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவுகள் இருக்கின்றன. முதலில் பக்கத்தில் போகலாம் என்றால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டிவிட்டு, அங்கிருந்து கடிதத்தோடு போகலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அதில் வழியிருக்கிறது. அட்டை இல்லையென்றால் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் விசாரியுங்கள்.

தொழில்

தொழிலை விட வேண்டியதில்லை. கைவேலையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். அவருக்குத் தொடு உணர்ச்சி நன்றாக இருக்கிறது. அப்படியானால் மாவு பிசைவது, பதம் பார்ப்பது, சீயத்துக்குப் பூரணம் உருட்டுவது, கைமுறுக்கு சுற்றுவது எல்லாம் அவருடையதாகவே இருக்கட்டும். எண்ணெய்ச் சட்டி, விறகடுப்பு, வடிக்கிற கஞ்சி, பாகு காய்ச்சுவது, இவற்றைக் கூட இருக்கும் பையன்களிடம் விட்டுவிட்டு, தள்ளி நின்று கண்ணால் பார்த்துச் சொல்லட்டும். எண்ணெய் காய்ந்ததா என்று கிள்ளிப்போட்ட மாவு மேலெழும் விதத்தைப் பார்த்தே சொல்லக்கூடியவர்தானே? அண்டா, மாவு மூட்டை தூக்குவது இப்போதைக்கு அறவே வேண்டாம். முக்கித் தூக்கும்போதுதான் அந்த நீர் அழுத்தம் ஏறுகிறது.

சட்டியருகே போய்த்தான் ஆக வேண்டும் என்றால் முழங்கை வரை மறைக்கும் தடித்த உறை போட்டுக்கொள்ளட்டும். மெல்லிய பிளாஸ்டிக் உறை சூட்டில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு ஈடு எடுத்த பிறகும் இடது கையின் இரண்டு பக்கத்தையும் கண்ணால் பார்க்கும் வழக்கம் வர வேண்டும். வலி செய்ய வேண்டிய வேலையை இனி கண்தான் செய்யும். குளிக்கும் நீரை அவர் விளாவ வேண்டாம், நீங்கள் விளாவிக் கொடுங்கள்.

சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரை 20 நிமிஷம் அதன்மேல் ஓடவிடுங்கள். மை, பற்பசை, மஞ்சள் எதையும் தடவாதீர்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். வலிக்கவில்லையே என்று சின்னப் புண்ணையும் அலட்சியமாக விடக்கூடாது. வலிக்காத புண்தான் எலும்பு வரை போகும். தோள் மூட்டு வலியில்லாமல் வீங்கினாலும் காட்டுங்கள். உணர்ச்சி போன மூட்டு, ஆளுக்குத் தெரியாமலே சிதைவதுண்டு.

இவற்றில் எதைக் கண்டாலும் புறநோயாளிச் சீட்டுக்கு நிற்காமல் அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள்: கையில் திடீர்ப் பலவீனம், நடை விறைத்துத் தடுக்குவது, சிறுநீர் போக முடியாமையோ கட்டுப்படாமையோ, விழுங்கும்போது புரையேறுவது, குரல் மாறுவது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது.

டாக்டரிடம் போகும்போது பழைய எக்ஸ்ரே, மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். சூடு தெரியாத இடங்களை ஒரு தாளில் குறித்து வையுங்கள். கொப்புளங்களை ஃபோனில் படம் எடுத்திருந்தால் அதையும் காட்டுங்கள். நீங்களும் கூடவே போங்கள். இருமல் வலியையும், உள்ளங்கைச் சதையையும் அவர் சொல்ல மறந்துவிடுவார், நீங்கள் சொல்லுங்கள். ஸ்கேன் படமும் ரிப்போர்ட்டும் கைக்கு வந்ததும் நகல் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். அடுத்த முடிவை அதைப் பார்த்துப் பேசலாம். இந்த முகூர்த்தம் முடியட்டும் என்று அவர் சொல்வார். ஒத்துக்கொள்ளாதீர்கள், இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள்.